கிளெப் தேர்வு ஆறும் பாஸ், ஆனால் 9 கிரெடிட் கணக்கில் வரவில்லை. என்ன செய்யலாம்?

எடிசன் மீனா:
எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். மதுரையில் பி.காம். இரண்டு வருடம் படித்தேன், கல்யாணத்தோடு படிப்பு நின்றுவிட்டது. வேலையில் மேலே போக வேண்டுமென்றால் பட்டம் கேட்கிறார்கள். வேலை, பிள்ளைகள், வீடு என்று இருக்கும்போது வகுப்பில் போய் உட்கார வழியில்லை. அதனால் கிளெப் தேர்வு (வகுப்புக்குப் போகாமல் தேர்வு மட்டும் எழுதிக் கல்லூரிக் கிரெடிட் வாங்கும் வழி) எழுதி, பட்டத்துக்குத் தேவையான கிரெடிட் சேர்த்து பிசினஸ் டிகிரி முடிக்கலாம் என்று இறங்கினேன்.

ஊர் மார்க் ஷீட்டைப் பாடவாரியாக மதிப்பீடு செய்ததில் 54 கிரெடிட் வந்தது. கிளெப்பில் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், பிசினஸ் லா, மேக்ரோ எகனாமிக்ஸ், மேனேஜ்மென்ட், மார்க்கெட்டிங், சோஷியாலஜி எல்லாமே 50க்கு மேல். தலைக்கு 3 என்றால் 18. மொத்தம் 72 இருக்க வேண்டும். நான் சேர நினைக்கும் கல்லூரி அனுப்பிய டிகிரி ஆடிட்டில், அதாவது பட்டத்துக்கு எது கணக்கில் வந்தது என்ற பட்டியலில், 63தான் இருக்கிறது. "டூப்ளிகேட்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். மேல்நிலை கிரெடிட் (பட்டப் படிப்பின் கடைசி இரண்டு வருடத்துப் பாடங்களுக்கானது) என்ற இடத்தில் பூஜ்யம். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு படித்து எழுதிய தேர்வுகள் இவை. 9 கிரெடிட்டை விட மனசு வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

ட்ரென்டன் கார்த்தி:
அக்கா, தேர்வு வீணாகவில்லை, முதலில் அதை மனதில் வையுங்கள். கிளெப் மதிப்பெண்ணை 20 வருடம் வைத்திருப்பார்கள். இந்தக் கல்லூரி ஏற்காததை இன்னொரு கல்லூரி ஏற்கலாம். 50 என்பது ஏசிஇ என்ற கல்வி கவுன்சிலின் பரிந்துரை மட்டும்தான். கிரெடிட் தருவதா, பட்டத்தின் எந்தக் கட்டத்தில் (பாடப் பிரிவில்) வைப்பது என்பதெல்லாம் கல்லூரியின் முடிவு.

டூப்ளிகேட் என்றால் ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் கிடையாது என்று அர்த்தம். எந்த மூன்று கழிந்தது? பி.காம்.மில் அதே மாதிரி என்ன பேப்பர் படித்தீர்கள்?

எடிசன் மீனா:
கழிந்தது அக்கவுண்டிங், லா, மேக்ரோ. பி.காம்.மில் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், கமர்ஷியல் லா, பிசினஸ் எகனாமிக்ஸ் படித்தேன்.

ட்ரென்டன் கார்த்தி:
அக்கவுண்டிங்கை விட்டுவிடுங்கள், அது உண்மையிலேயே ஒரே பாடம். மற்ற இரண்டுக்கும் மறுபரிசீலனை கேட்கலாம். பேப்பர் பெயரை மட்டும் வைத்து ஒப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பிசினஸ் எகனாமிக்ஸ் என்று நம் ஊரில் நடத்துவது பெரும்பாலும் தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, உற்பத்திச் செலவு, விலை நிர்ணயம். அது இங்கே மைக்ரோ. நீங்கள் எழுதியது மேக்ரோ: தேசிய வருமானம், பணவீக்கம், மத்திய வங்கி, வரிக் கொள்கை. கமர்ஷியல் லாவில் நாம் படிப்பது 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும். கிளெப்பில் அமெரிக்க நீதிமன்ற அமைப்பு, தனிநபர் தீங்குக்கான வழக்குகள் எல்லாம் வரும். ஆனால் அங்கேயும் ஒப்பந்தச் சட்டம்தான் பெரிய பங்கு, அதனால் இது இழுபறிதான்.

நீங்கள் படித்த வருடத்து சிலபஸை ஊர் கல்லூரியிலிருந்து வாங்குங்கள். கிளெப்பின் பாடத்திட்டப் பக்கத்தையும் சேர்த்து, எந்த அலகு எதோடு பொருந்தவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி மதிப்பீட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள். போனில் கேட்டால் அதே வரியைத்தான் திரும்பச் சொல்வார்கள். பதிலும் எழுத்தில் வேண்டும்.

ஹார்ட்ஃபர்ட் சுபா:
மீனா, எனக்கு அந்த 9 கிரெடிட்டை விட மேல்நிலை பூஜ்யம்தான் கவலையாக இருக்கிறது. கிளெப் தேர்வுகள் அநேகமாக எல்லாமே முதல் இரண்டு வருடத்துப் பாடத்துக்குச் சமம். இன்னும் எத்தனை கிளெப் எழுதினாலும் அந்தப் பூஜ்யம் அசையாது. 120 கிரெடிட் பட்டத்தில் துறைப் பாடங்களில் ஒரு பகுதி மேல்நிலையாக இருந்தே ஆக வேண்டும்.

தேர்வு வழியிலேயே அதற்கும் கொஞ்சம் இடம் உண்டு. கிளெப் மாதிரியே டிஎஸ்எஸ்டி என்று இன்னொரு தேர்வு உண்டு, அதில் மணி அண்ட் பேங்கிங் மாதிரி சிலவற்றுக்கு மேல்நிலை கிரெடிட் பரிந்துரை இருக்கிறது, அங்கே பாஸ் மார்க் 400. உங்கள் ஊர்ப் பக்கமே ட்ரென்டனில் தாமஸ் எடிசன் ஸ்டேட் யூனிவர்சிட்டி இருக்கிறது. 1972இல் பெரியவர்களுக்காகவே தொடங்கியது. டெசெப் என்று அவர்களுடைய சொந்தத் தேர்வுகளில் மேல்நிலைப் பாடங்களும் உண்டு. கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக், நியூயார்க்கின் எக்செல்சியர் இரண்டும் இதே வகை. மூன்றும் வெளிக் கிரெடிட்டைத் தாராளமாக ஏற்பவை, மூன்றுக்கும் முறையான அங்கீகாரம் உண்டு. ஆனாலும் முழுக்க முழுக்கத் தேர்வெழுதியே முடிக்க முடியாது. சார்ட்டர் ஓக்கில் நான் தொடக்கத்தில் ஒரு பாடம், கடைசியில் கேப்ஸ்டோன் என்ற நிறைவுப் பாடம் என்று அவர்களிடமே படித்தேன்.

இன்னொன்று. ஊரில் படித்த இங்கிலீஷ் பேப்பரை இங்கே காம்போசிஷனாக (ஆங்கிலக் கட்டுரைப் பாடமாக) எடுத்துக்கொண்டார்களா? பல கல்லூரிகள் எடுக்காது. இல்லையென்றால் அடுத்த தேர்வு அதுதான்: காலேஜ் காம்போசிஷன், கட்டுரை எழுதும் வகை, 6 கிரெடிட். மாடுலர் என்று இன்னொன்று இருக்கிறது, சில இடங்களில் ஏற்பதில்லை, கேட்டுவிட்டு எழுதுங்கள். நேச்சுரல் சயின்சஸுக்கும் 6 கிரெடிட். வணிகம் படித்தவர்களுக்கு அந்தக் கட்டம்தான் காலியாகக் கிடக்கும். இரண்டுக்கும் சேர்த்துத் தேர்வுக் கட்டணம் 200 டாலருக்குப் பக்கம், மையத்துக்கு உரியது தனி. மாடர்ன் ஸ்டேட்ஸ் தளத்தில் பாடங்கள் இலவசம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்:
சகோதரி, ஒரு மாற்றுக் கருத்து. மேல்நிலைக்கும் தேர்வையே தேட வேண்டாம் என்பேன். தேர்வுக் கிரெடிட்டுக்கு கிரேடு கிடையாது, கிரெடிட் மட்டும்தான் விழும். பிறகு எம்.பி.ஏ. போக நினைத்தால் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) கேட்பார்கள், அதைக் கணக்கிடவே போதிய பாடம் இருக்காது. மேல்நிலையில் நாலைந்து பாடங்களை ஆன்லைனில் கிரேடோடு படியுங்கள். கணக்குத் துறையில் இருப்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன்: சிபிஏ (அமெரிக்கக் கணக்காளர் உரிமம்) எண்ணம் இருந்தால் உங்கள் மாநில வாரியத்திடம், தேர்வு மூலம் வந்த கணக்குப் பாடக் கிரெடிட்டை ஏற்பார்களா என்று இப்போதே கேளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

ஹார்ட்ஃபர்ட் சுபா:
ஐயா சொல்வது மேலே படிக்க நினைப்பவர்களுக்குச் சரி. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகலாம். பதவி உயர்வுக்குப் பட்டம் மட்டும் போதுமென்றால் அந்தச் செலவு தேவையில்லை. மீனா, எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே.

எடிசன் மீனா:
எல்லோருக்கும் நன்றி. சிலபஸை ஊரிலிருந்து தம்பி ஸ்கேன் செய்து அனுப்பினான், கார்த்தி சொன்னபடி எழுதி அனுப்பினேன். மேக்ரோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லா முடியாது, ஒப்பந்தப் பகுதி ஒன்றுதான் என்று பதில். ஆக 66. இங்கிலீஷ் பேப்பரும் காம்போசிஷனாக ஏறவில்லை, பொது எலெக்டிவில் (விருப்பப் பாடக் கட்டத்தில்) கிடக்கிறது.

சிபிஏ எண்ணம் இல்லை. ஆனால் எம்.பி.ஏ. கதவை மூட விருப்பமில்லை. அதனால் காம்போசிஷனும் சயின்ஸும் கிளெப்பில், மேல்நிலையைக் கிரேடோடு பாடமாக என்று ஆலோசகரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: மொழிக்குக் கிரெடிட் என்கிறார்களே, தமிழுக்குக் கிடைக்காதா?

ட்ரென்டன் கார்த்தி:
கிளெப்பில் மொழி என்றால் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றுதான். ஆக்ட்ஃபுல் என்ற அமைப்பின் வாய்மொழித் தேர்வில் தமிழ் உண்டு அக்கா, போனில் ஆள் பேசி மதிப்பிடுவார்கள். கல்லூரி ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு அதைவிட எளிதான கிரெடிட் கிடையாது. ஆனால் கட்டணம் கிளெப்பை விட அதிகம். ஆலோசகருக்கு எழுதும்போதே இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: தமிழ் ஆக்ட்ஃபுல்லுக்கு எத்தனை கிரெடிட், அது எந்தக் கட்டத்தில் விழும். எலெக்டிவ் கட்டம் உங்களுக்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் எழுத வேண்டாம்.