புது மீன் தொட்டியில் பழுப்புப் பாசி, எத்தனை முறை கழுவினாலும் திரும்ப வருகிறது

நொய்யல்கரை, திருப்பூர்:
வணக்கமுங்க. பாப்பா ஆசைப்பட்டாள் என்று 2 அடி தொட்டி வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. 2 கோல்டு ஃபிஷ், 4 மோலி. மூன்றாவது வாரமே கல், கண்ணாடி, ஃபில்டர் குழாய் எல்லாவற்றிலும் காப்பித்தூள் படிந்த மாதிரி ஒரு பாசி. விரலால் தடவினால் வந்துவிடுகிறது, நாலு நாளில் மறுபடியும் அதே. இரண்டு முறை தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, கல்லை உப்புப் போட்டு அலசி மொட்டை மாடியில் காயவைத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் நன்றாகப் பிழிந்து மாட்டினேன். இரண்டாவது முறை கழுவிய மூன்றாம் நாள் ஒரு மோலி செத்துவிட்டது. பாப்பா அன்று சாப்பிடவே இல்லை. தொட்டி கிழக்கு ஜன்னல் ஓரம் இருக்கிறது, லைட் காலையில் போட்டால் படுக்கும்போதுதான் அணைப்போம். நகராட்சித் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும், பாதிக்குப் பாதி போர் தண்ணீர் கலக்கிறேன். கடையில் பாசி மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

சிறுவாணித் தண்ணி, கோவை:
மருந்து ஊற்றாதீங்க. அது டயாட்டம், கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை நுண்பாசி. தண்ணீரிலும் புது மணலிலும் இருக்கும் சிலிக்கா என்ற கனிமத்தை வைத்து ஓடு கட்டிக்கொள்ளும், புதுத் தொட்டி என்றால் பெரும்பாலும் முதலில் வருவது இதுதான். மீனுக்கு ஒன்றும் செய்யாது, தொட்டி பழகப் பழகத் தானே குறையும்.

மோலி செத்தது பாசியால் இருக்காது, கழுவியதால்தான் என்று நினைக்கிறேன். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும், அது விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது ஓரளவு இருந்தால் மீன் தாங்கும். இந்தக் கூட்டம் முழுசாகக் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும், அது குடியிருப்பது பெரும்பாலும் உங்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும். நீங்கள் கல்லைக் காயவைத்து, ஸ்பாஞ்சைக் குளோரின் தண்ணீரில் பிழிந்து, இரண்டு முறை அதை அழித்துவிட்டீர்கள். உங்கள் தொட்டிக்கு இன்னும் முதல் வாரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் பி.ஹெச். (அமில-கார அளவு) கூடுதலாக இருந்தால் அதே அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும், அதனால் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள், மருந்துக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுக்கலாம்.

இனிமேல் வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றினால் போதும், அம்மோனியா தெரிந்தால் இடையிலும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் போக்கும் சொட்டு மருந்து விட்டு ஊற்றுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்தால், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு அமுக்கு அமுக்கி மாட்டுங்கள், பளிச்சென்று ஆக வேண்டியதில்லை. அப்புறம் லைட், 6 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ஜன்னல் வெயில் கட்டாயம் படக்கூடாது, இப்போது பழுப்பு என்றால் அடுத்து பச்சை வரும். 55 லிட்டர் தொட்டிக்கு 2 கோல்டு ஃபிஷ் அதிகம், அவை அழுக்கு நிறையப் போடும், பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது.

தோட்டத்துக் கிணறு, கோபி:
தண்ணீரையும் பாருங்க அண்ணா. எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில் தொட்டி வைத்தபோது பச்சைத் தண்ணீர்த் தொல்லை, சர்பத் மாதிரி ஆகிவிடும், மீனே தெரியாது. லைட்டைக் குறைத்தேன், தீனியைக் குறைத்தேன், மூன்று நாள் போர்வை போட்டு மூடி வைத்தேன், தெளியும், அடுத்த தண்ணீர் மாற்றியதும் பத்து நாளில் திரும்ப வரும். கடைசியில் தொட்டியை விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தால் அதிலேயே நைட்ரேட் ஏறியிருந்தது. சுற்றிலும் கரும்பும் வாழையும், யூரியா போடுகிறோம், பக்கத்தில் மாட்டுக் கட்டுத்தறி, எல்லாம் மண் வழியே இறங்கத்தானே செய்யும். நான் மாற்றிய ஒவ்வொரு குடத்திலும் பாசிக்கு உரம் ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது மழைத் தண்ணீர் பிடித்து வைத்துப் பாதி கலக்கிறேன், ஹார்ன்வொர்ட் என்ற நீர்ச்செடி ஒரு கட்டு மிதக்க விட்டிருக்கிறேன். அது வேகமாக வளர்ந்து நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளும், பாசிக்கு மிச்சம் வைக்காது. உங்கள் போர் தண்ணீரையும் தனியாக ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

குளத்துமேடு, பொள்ளாச்சி:
ஒன்று மட்டும் சொல்கிறேன். டேங்க் கிளீனர் என்று கறுப்பாக ஒரு மீன் தருவார்கள், பாசி தின்னும் என்பார்கள், வாங்காதீங்க. ஒரு அடிக்கு மேல் வளரும், 2 அடி தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது, அதன் கழிவே பாசிக்குத் தீனி. வளர்ந்ததும் குளத்தில் விட்டுவிடுகிறார்கள், நம் ஊர் நீர்நிலைகளில் பரவி வலையைக் கிழிக்கிறது, நாட்டு மீனின் இடத்தைப் பிடிக்கிறது. பாசி தின்ன ஏதாவது வேண்டும் என்றால் நெரைட் நத்தை 2 விடுங்கள், உப்பில்லாத நல்ல தண்ணீரில் அது குஞ்சு பொரித்துப் பெருகாது. ஆனால் நத்தை இருக்கும் தொட்டியில் தாமிரம் கலந்த பாசி மருந்து ஊற்றினால் நத்தை போய்விடும்.

நொய்யல்கரை, திருப்பூர்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். தொட்டியை உள் சுவர்ப் பக்கம் நகர்த்தினேன், லைட் மாலை 4 முதல் 10 வரை மட்டும். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. கோல்டு ஃபிஷ் இரண்டும் மச்சான் வீட்டு 4 அடி தொட்டிக்குப் போய்விட்டன, பாப்பா ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறாள். முதல் இரண்டு வாரம் பழுப்பு இன்னும் கூடியது, கழுவாமல் இருக்கக் கை பரபரத்தது, பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், கல் மேல் இருந்த பாசியும் திட்டுத் திட்டாக மறைந்துவிட்டது. இப்போது பின் கண்ணாடியில் மட்டும் கொஞ்சம் பச்சை இருக்கிறது, அதைத் தேய்க்காமல் விட்டிருக்கிறேன், மூன்று மோலியும் நாள் முழுக்க அதைத்தான் கொத்திக்கொண்டிருக்கின்றன.