கிட்ட இரிக்கிற சின்னப் பள்ளிக்கூடமா, டவுன் பள்ளிக்கூடமா? படுவான்கரை ஆக்கள் சொல்லுங்க

மண்முனை மருமகள்:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்ச நாளா மண்டையப் போட்டு உடைக்கிற விசயம் ஒண்டு, தெரிஞ்ச ஆக்கள் ஒள்ளுப்பம் சொல்லுங்க. மகனுக்கு வாற ஜனவரி 31க்கு முதல் அஞ்சு வயசு முடிஞ்சிரும், ஒண்டாம் ஆண்டுக்கு ஃபோம் குடுக்கணும். நாங்க படுவான்கரையில, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால இரிக்கம். வீட்டில இருந்து நடந்தா பத்து நிமிசத்தில ஒரு சின்னப் பள்ளிக்கூடம், ஒண்டுல இருந்து அஞ்சு வரைக்கும்தான், மொத்தமா 60 புள்ள வராது. வீட்டுக்காரர் கட்டார்ல, அவர் படிச்சது மட்டக்களப்பு டவுன்ல ஒரு பெரிய பள்ளிக்கூடம், அதால பழைய மாணவர் கோட்டாவில மகனுக்கும் போட்டுப் பாப்பம் எண்டு ராவைக்கு ராவு வட்ஸ்அப்ல இதே கததான். மாமி "பாலூட்டின வாய் காயல்ல, அதுக்குள்ள பாலம் கடத்தப் போறீங்களா" எண்டு ஏசுறா. நான் நடுவில.

சின்னப் பள்ளிக்கூடத்தில நல்லது எண்டா, ஒண்டாம் ஆண்டு மிஸ் எல்லாப் புள்ளயிட பேரும் அம்மாட பேரும் சொல்லுவா, சாப்பாடு குடுக்காங்க, முத்தம் பெரிசு, வேப்ப மரம் இரிக்கு. கெட்டது எண்டா, மூண்டும் நாலும் ஒரே வகுப்பு, இங்கிலீஸ் மிஸ் கிழமைக்கு ரெண்டு நாள்தான், ரெண்டு வருசமா அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனையில ஒருத்தரும் வெட்டுப்புள்ளி எடுக்கல்ல, மாரி வந்தா ரோட்டுல தண்ணி, போன வருசம் யானை வந்து பின்பக்க வேலிய முறிச்சுட்டுப் போயிட்டு. நான் என்ன செய்ய?

பாதை காலத்து ஆள்:

தங்கச்சி, நான் ரெண்டையும் செஞ்சு பாத்தவன் அதால கொஞ்சம் நீட்டா எழுதுறன் குறை நினைக்காதீங்க. நாங்க படிக்கக்க மண்முனையில பாலம் இல்ல, துறையில பாதைக்கு (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திற மிதவை) காவல் நிண்டு ஏறித்தான் அங்கால போகணும், டவுன்ல படிக்கிறது எண்டா சொந்தக்காரர் வீட்டில நிக்கணும். 2014ல பாலம் திறந்ததும் எல்லாருக்கும் டவுன் கிட்ட வந்த மாதிரி ஒரு நினைப்பு வந்திட்டு. எனக்கும் வந்திச்சு. மூத்தவன டவுன்ல போட்டன், பேர் சொல்லல்ல, நல்ல பேரெடுத்த பள்ளிக்கூடம்தான். காலம அஞ்சே முக்காலுக்கு வேன். புள்ள பாதி நித்திரையில பாணைக் கையில வச்சிக்கிட்டு ஏறுவான், ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பாலம் எண்டு ஒவ்வொரு இடமும் நிண்டு நிண்டு போகும். அது கூட பரவாயில்ல, ஒருத்தரும் சொல்லாத விசயம் ஒண்டு இரிக்கு. ஒண்டாம் ரெண்டாம் ஆண்டுக்கு பதினொண்டரைக்கு விட்டிருவாங்க. வேன்ல மத்தப் புள்ளயள் பெரிய வகுப்பு, அதுகளுக்கு ஒண்டரைக்குத்தான் விடும். என்ட பொடியன் ரெண்டு மணித்தியாலம் வேனுக்குள்ளயும் மரத்துக்குக் கீழயும் இரிப்பான். நான் இத அறிஞ்சதே ரெண்டு மாசத்துக்குப் பொறகு, வேன்காரர் கதையோட கதையா சொல்லித்தான்.

வகுப்பில 40 புள்ள. மிஸ் கெட்ட ஆள் இல்ல, ஆனா 40 புள்ளயில எது வாசிக்குது எது பாடமாக்கிச் சொல்லுது எண்டு அவ எப்பிடி பிடிக்கிற? ரெண்டாம் ஆண்டில ஒரு நாள் புத்தகத்த நடுவில திறந்து படத்த கையால மறைச்சு வாசிடா எண்டன், ஒரு எழுத்தும் வரல்ல. படத்தப் பாத்து மனப்பாடமா சொல்லிக்கிட்டு இரிந்திரிக்கான். மறுகா கொண்டு வந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில விட்டன், ஊர் சிரிச்சிச்சு. அங்க ஆறு மாசத்தில வாசிச்சான். ஆனா அங்கயும் குறை இல்லாம இல்ல. வகுப்பில ஆம்பிளப் புள்ள மூணு பேர், கிரிக்கட்டுக்கு ஆள் இல்ல, பேண்ட் இல்ல, செஸ் இல்ல, ஒரு போட்டிக்குப் போறதெண்டா அதே மூணு பேர்தான் ஓட்டம், பேச்சு, பாட்டு எல்லாத்துக்கும். அது நல்லதா கெட்டதா எண்டு இப்பவும் எனக்கு விளங்கல்ல.

ஃபோம் நிரப்புறவன்:

கோட்டா கதைக்கு மட்டும் வாறன். இருப்பிடத்துக்கு 50 வீதம், பழைய மாணவர்ட புள்ளயளுக்கு 25, கூடப்பிறந்த ஆக்கள் படிச்சா 15, மிச்சம்தான் மத்த ஆக்களுக்கு. இருப்பிடத்தில உங்களுக்கு சான்ஸ் இல்ல அக்கா, வீட்டுக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் இடையில கிட்டடியில எத்தின பள்ளிக்கூடம் இரிக்கோ அதுக்கெல்லாம் புள்ளி கழிப்பாங்க. பழைய மாணவர்ல போடுறதெண்டா அண்ணன் எத்தின வருசம் அங்க படிச்சார், சோதனை, விளையாட்டு, பழைய மாணவர் சங்கத்தில இரிக்காரா எல்லாத்துக்கும் புள்ளி, எல்லாத்துக்கும் கடதாசி வேணும். கட்டார்ல இருந்து வட்ஸ்அப்ல கதைச்சா காணாது, சேர்டிபிகேட் எந்தப் பெட்டிக்குள்ள இரிக்கு எண்டு சொல்லச் சொல்லுங்க 😄 ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு ஃபோம் கட்டாயம் குடுங்க.

பாலம் தாண்டுற ரீச்சர்:

நான் ஒவ்வொரு நாளும் கல்லடியில இருந்து படுவான்கரைக்கு ஸ்கூட்டியில வாற ஆள், நீங்க சொன்ன மாதிரி சின்னப் பள்ளிக்கூடம் ஒண்டிலதான், அதால உங்கட லிஸ்ட்டக் கொஞ்சம் பிரிச்சுச் சொல்றன். இங்கிலீஸ் மிஸ் ரெண்டு நாள் எண்டு கவலைப்படாதீங்க. ஒண்டு ரெண்டில இங்கிலீஸ் எண்டா வகுப்பு ரீச்சரே வாயால பழக்கிறதுதான், புத்தகம் வச்சுப் படிப்பிக்கிறது மூண்டாம் ஆண்டில இருந்து. அப்ப யோசிக்கலாம். ரெண்டு வகுப்ப ஒண்டாப் போடுறதும் நீங்க பயப்படுற அளவுக்கு இல்ல. நானும் மூண்டையும் நாலையும் ஒண்டாத்தான் எடுக்கன், மூண்டுக்கு கணக்கப் போட்டுக் குடுத்திட்டு நாலுக்கு வாசிப்பு, மறுகா கிறுகி இஞ்சால. நாலுல பிந்தின புள்ள மூண்டுட பாடத்தக் காதால கேட்டுக் கேட்டே பிடிச்சிரும், அத நான் கண்ணால கண்டிரிக்கன்.

உண்மையான பிரச்சின எது எண்டா, இப்பிடிப் பள்ளிக்கூடத்தில நாங்க அஞ்சாறு பேர்தான். ஒருத்தருக்குப் பிரசவ லீவு, ஒருத்தருக்கு வலயக் கல்வி ஒஃபிஸில செமினார், பிரின்ஸிபல் கூட்டத்துக்குப் போயிட்டார் எண்டா மிச்ச ஆக்கள் முழுப் பள்ளிக்கூடத்தையும் தலையில சுமக்கணும், அண்டைக்குப் படிப்பு இல்ல, புள்ளயப் பாத்துக்கிட்டு இரிக்கிறதுதான். பெரிய பள்ளிக்கூடத்தில ஒரு ரீச்சர் வராட்டி தெரியாது, இஞ்ச ஒரு ரீச்சர் வராட்டி ஒரு வகுப்பே இல்ல. அதோட எங்களில கனபேர் டவுன் ஆக்கள், கஷ்டப் பிரதேசத்தில வருசக் கணக்கு முடிஞ்சா ட்ரான்ஸ்பர் கேப்பம், பொய் சொல்லி என்ன. தாழங்குடா கல்வியியற் கல்லூரியில இருந்து மூண்டாம் வருசத்துப் புள்ளயள் பயிற்சிக்கு வந்தா கொஞ்சம் மூச்சு விடலாம், நல்லா செய்வாங்க, ஆனா ஒரு வருசத்தால போயிருவாங்க.

புலமைப்பரிசில் கதைய விடுங்க. ஒம்பது புள்ள எழுதினா ரெண்டு வருசம் வெட்டுப்புள்ளி இல்லாமப் போறது ஒரு அதிசயமா? நுண்ணறிவுப் பேப்பர்ல 40 கேள்வி, அதுக்கு ரியூசன்ல அடிச்சு அடிச்சுப் பழகின டவுன் புள்ளயோட இதுகள நிறுத்துறாங்க. கேக்கிறதெண்டா 200க்கு 70க்கு மேல எத்தின பேர் எடுத்த எண்டு கேளுங்க, அதுதான் பள்ளிக்கூடம் படிப்பிக்குதா எண்டதச் சொல்லும்.

ஒரு நாள் ஏழு இருவதுக்குப் போய் நில்லுங்க, சொல்லாமப் போங்க. ஒண்டாம் ஆண்டு மிஸ் எத்தின மணிக்கு வாறா, மணி அடிச்ச பொறகு வகுப்புக்க போறாவா ஒஃபிஸுக்க போறாவா. ரெண்டாம் ஆண்டுப் புள்ள ஒண்டட கொப்பிய வாங்கிப் பாருங்க, சிவப்பு மையில சரி மட்டும் போட்டிரிக்கா, பிழையத் திருத்தி எழுதிக் குடுத்திரிக்கா. டொய்லட்டுக்கும் போய்ப் பாருங்க.

சம்மாந்துறை நானா:

தங்கச்சி நான் அம்பாறை மாவட்டம், எங்கட பக்கம் யானைய விட மனிசன்தான் கூட 😀 ஊருக்குள்ள ஒரு ஒழுங்கைக்கு ஒரு ஸ்கூல் (பள்ளி எண்டு எழுதினா எங்கட ஆக்களுக்கு பள்ளிவாசல் எண்டு அர்த்தம்). நடந்தது என்னெண்டா, பேரெடுத்த ஒண்டு ரெண்டுக்கு எல்லாரும் ஓடினாங்க, பக்கத்து ஸ்கூல்ல புள்ளைகள் குறைஞ்சாங்க, புள்ளைகள் குறைய ரீச்சர்மார் கூட எண்டு கணக்குப் பாத்து மாத்தி எடுத்தாங்க, ரீச்சர் இல்லையே எண்டு இரிந்த ஆக்களும் புள்ளையக் கழட்டினாங்க. கட்டிடம் இரிக்கு, மேசை கதிரை புதுசு, புள்ளைகள்தான் இல்ல. ஓடின ஆக்கள்ல நானும் ஒருத்தன்தான், அதால பெரிசா கதைக்க ஏலா. இன்னொண்டு, எங்கட ஸ்கூலுகளுக்கு நோன்புக்கு லீவு, ஒண்டாம் ஆண்டுப் புள்ளை லீவு முடிஞ்சு வரக்க பாதி எழுத்த மறந்துட்டுத்தான் வரும். எந்த ஸ்கூல் எண்டாலும் வீட்டில உம்மாவோ வாப்பாவோ ஒரு அரை மணித்தியாலம் இரிக்கணும். புள்ளை விடியக்காலம அஞ்சரைக்கு எழும்பி பின்னேரம் வந்து விழுந்தா அந்த அரை மணித்தியாலம் எங்க இரிந்து வாற?

மண்முனை மருமகள்:

எல்லாருக்கும் நன்றி, ரீச்சர் சொன்ன மாதிரி வியாழக்கிழம சொல்லாமப் போனன். கேற் திறந்து இரிந்திச்சு, ஏழு இருவதுக்கு ரெண்டு ரீச்சர் வந்திட்டாங்க, ஒண்டாம் ஆண்டு மிஸ் ஏழு இருவத்தெட்டுக்கு ஸ்கூட்டியில வந்தா, ஹெல்மட்டோடயே வகுப்புக்க போய் ஜன்னலத் திறந்தா. பக்கத்து வீட்டுப் புள்ளட ரெண்டாம் ஆண்டுக் கொப்பி பாத்தன், பிழைய அடிச்சுப் போட்டு பக்கத்தில ஒழுங்கா எழுதி, கீழ புள்ளய மூண்டு தரம் எழுத வச்சிரிக்கா. அதப் பாத்ததும் எனக்கு பாதி மனம் மாறிட்டு. டொய்லட் ரெண்டுல ஒண்டு பூட்டு, திறப்பு ஆருட கையில எண்டு ஒருத்தருக்கும் தெரியல்ல 😐 அத பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில கேப்பன், மாமியையும் கூட்டிக்கொண்டு போறன், அவ கேட்டா பதில் வரும். மூண்டு நாலு வகுப்புக்கு நடுவில ஒரு பலகை அடிச்சிரிக்காங்க, சத்தம் இஞ்சால வருது, அது எனக்குப் பிடிக்கல்ல.

வேன்ல ரெண்டு மணித்தியாலம் காவல் கிடந்த கதைய வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினன், கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்ல, பொறகு சரி ரெண்டுக்கும் ஃபோம் போடு எண்டார். ரெண்டுக்கும் போடுறன். ஆனா என்ட மனம் இஞ்சதான் நிக்கிது. ஒண்டுதான் இடிக்குது, மிஸ் இஞ்ச வந்து இப்ப அஞ்சாவது வருசமாம், அவவும் கல்லடி ஆள். அடுத்த வருசமும் இரிப்பீங்களா எண்டு கேக்க வாய் வந்திச்சு, கேக்கல்ல.

பாலம் தாண்டுற ரீச்சர்:

கேளுங்க, கோவிக்க மாட்டா. ஆனா அவவுக்கே டிசம்பர்லதான் தெரிய வரும்.