வேர்க்கால்வாயா, வேர்ப்புழையா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் பல் மருத்துவச் சொற்பட்டியலில் ‘ரூட் கெனால்’ என்பதற்கு ‘வேர்க்கால்வாய்’ என்று இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. கால்வாய் ஆள் வைத்து வெட்டுவது, மேலே திறந்தது. கடைவாய்ப்பல்லின் வேருக்குள் இருப்பதோ தானாக அமைந்தது. சுற்றிலும் மூடி, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போவது. அதைத் துப்புரவாக்க உள்ளே இறக்கும் சிவப்புப் பிடி அரத்தின் முனை 0.25 மி.மீ. தான், வளைந்த வேரில் அதுவும் முரண்டு பிடிக்கும். (வாய்க்குள் கால்வாய் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது.)

தும்பிக்கையைப் ‘புழைக்கை’ (உள்ளே துளையுள்ள கை) என்ற மொழி நம்முடையது. வேர்ப்புழை என்போமே! மேல் கடைவாய்ப்பல்லில் வழக்கமாக வேர் மூன்று. கன்னப்பக்க முன்வேரில் மட்டும் பெரும்பாலும் இரண்டு புழைகள். அந்த இரண்டாவது கண்ணில் படாமல் போனால், கிருமி உள்ளேயே தங்கி மீண்டும் சீழ் வைக்கும். ‘மூன்று வேர், நான்கு புழை’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்காது.

அடுத்து ‘ஏபிகோஎக்டமி’. பட்டியலில் ‘வேர் அறுவை’ என்று கண்டேன். இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். புழையைத் துப்புரவாக்கி அடைத்த பிறகும் நுனியில் புண் ஆறாவிட்டால், ஈறை விலக்கி, எலும்பில் சிறு சாளரம் திறந்து, வேரின் கடைசி 3 மி.மீ. அளவை மட்டும் எடுத்துவிட்டு, வெட்டிய முனையை அடைக்கிறார்கள். பக்கக் கிளைப்புழைகள் மிகுதியும் அந்த 3 மி.மீ.க்குள் இருப்பதால்தான் அந்தக் கணக்கு. மீதி வேர் அப்படியே இருக்கிறது. ‘வேர்நுனி நறுக்கு’ என்பது என் முன்மொழிவு. நகத்தை நறுக்குகிறோம், விரல் இருக்கிறது அல்லவா?

---

ஐயா,

பல் மருத்துவராக ஒரு தடை. ‘புழை’ மருத்துவத் தமிழில் ‘புணர்புழை’யாக (யோனி) ஏற்கெனவே குடியேறிவிட்டது. நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவரிடம் அந்தச் சொல்லை எடுக்க எனக்குத் தயக்கம். ‘வேர்க்குழல்’ போதாதா?

‘நறுக்கு’ எனக்குப் பிடித்திருக்கிறது. நோயாளிகள் ‘நரம்பை எடுத்துவிட்டீர்களா’ என்றுதான் கேட்கிறார்கள். எடுப்பது நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த பற்கூழை. பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றத்தான் இத்தனையும் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். அந்த வகையில் இன்னும் இரண்டு சொற்கள் தேவை. மேல் பல்லில் கெட்டுப்போன ஒரு வேரை மட்டும் முழுதாக எடுப்பது ஒன்று; கீழ்க் கடைவாய்ப்பல்லை நெடுக்காகப் பிளந்து, ஒரு வேரை அதன் மேலுள்ள பாதித் தலையோடு எடுப்பது மற்றொன்று. இரண்டையும் ‘வேர் நீக்கம்’ என்று எழுதினால், கையெழுத்திடும் நோயாளிக்கு எது போகிறது, எது மிஞ்சுகிறது என்று விளங்காது.

---

அம்மா,

முன்னதற்கு ‘ஒருவேர் நீக்கம்’, பின்னதற்கு ‘அரைப்பல் நீக்கம்’. அழகில்லைதான், ஆனால் ஒப்புதல் படிவத்தில் குழப்பம் வராது.

குழலை ஏற்க மனம் வரவில்லை. குழல் என்றால் தனியே ஒரு பொருள், கையில் எடுக்கலாம். இது பல்லுக்குள் இருக்கும் வெற்றிடம். உங்கள் தயக்கம் நியாயமானது என்பதால் நூலுக்கு ‘வேர்ப்புழை’, நோயாளியிடம் ‘வேர்த்துளை’ என்று வைத்துக்கொள்ளலாமா? ‘வேர்க்கால்வாய்’ மட்டும் வேண்டாம்.