NFL டிராஃப்டில், அதாவது அமெரிக்க ஃபுட்பால் அணிகள் கல்லூரி வீரர்களை ரவுண்டு ரவுண்டாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், சர்ச்சையில் சிக்கிய ஒருவரின் பெயரை வாசித்தபோது உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

எரீக்கரை:
வாட்சன் கதையை இங்கே யாருக்கும் முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. பாலியல் அத்துமீறல் புகார்கள் இருந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), அவரை ஹூஸ்டனிடமிருந்து எங்கள் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் வாங்கியது. 2022 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். முதல் ரவுண்டில் வீரரை எடுக்கும் மூன்று வாய்ப்புகள் (பிக்குகள்) ஹூஸ்டனுக்கு, 23 கோடி டாலர் முழு உத்தரவாதத்தோடு அவருக்கு. எங்கள் ஆபீசில் எல்லார் ஃபோனும் ஒரே சமயத்தில் அதிர்ந்தன.

கணக்குப் பிரிவில் ஒரு பெண்மணி, அறுபதை நெருங்குகிறவர். 1995 இல் பிரவுன்ஸ் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோகிறேன் என்று முதலாளி அறிவித்ததைப் பார்த்தவர். 2017 இல் 16 ஆட்டமும் தோற்றபோதுகூட சீசன் டிக்கெட்டை விடாதவர். ஆபீஸ் அடையாள அட்டை எப்போதும் பிரவுன்ஸின் ஆரஞ்சுப் பட்டையில்தான் கழுத்தில் தொங்கும். செய்தியைப் படித்தார். அட்டையை மட்டும் கழற்றி ஒரு பேப்பர் கிளிப்பில் மாட்டி சட்டைப் பையில் குத்திக்கொண்டார். பட்டையைக் குப்பையில் போடுவார் என்று பார்த்தேன், போடவில்லை. நாலாக மடித்து டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, இன்வாய்ஸைத் திறந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்.

அன்றோடு ஃபுட்பால் பேச்சு நின்றது. 2023 நவம்பரில் வாட்சன் தோள்பட்டைக் காயத்தில் உட்கார்ந்துவிட, வீட்டில் சும்மா இருந்த பழைய குவார்ட்டர்பேக் ஃபிளாக்கோவைக் கூட்டி வந்து டிசம்பரில் வரிசையாக ஜெயித்தோம் இல்லையா? அப்போது ஒரு திங்கட்கிழமை, என் மேசையைத் தாண்டிப் போகிறவர் நிற்காமலே "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இன்றுவரை அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

யாரிடமாவது இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள். தீர்ப்பு வேண்டாம், பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார் என்பது போதும்.

ஊதா27:
என்னுடையதும் டிராஃப்ட் அன்று நடந்தது இல்லை, பரவாயில்லை என்று நினைக்கிறேன். 2014 செப்டம்பர், பால்டிமோர். லிஃப்டில் வருங்கால மனைவியை அடித்த வீடியோ வெளியான அன்றே ரே ரைஸை ரேவன்ஸ் அணி நீக்கியது. அடுத்த வாரமே ஸ்டேடியத்தில் ஜெர்சி மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள், அவருடைய 27 ஆம் எண் சட்டையைக் கொடுத்தால் வேறு வீரரின் சட்டை. ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள், வரிசை நகரவே இல்லை.

எனக்கு முன்னால் நின்றவர் தன் 27 ஐ உள்பக்கம் வெளியே வரும்படி போட்டிருந்தார். மறைக்கிறாராம். தையல் நூல் பிசிறுகளோடு எண் இடம் வலமாகத் திரும்பி முதுகில் அப்படியே தெரிந்தது. வேறு சட்டை போட்டுக்கொண்டு இதைக் கையில் கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்டேன். "கடைசியாக ஒரு தடவை போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது" என்றார். கவுண்டரில் அங்கேயே தலை வழியாக உருவினார், உள்ளே வெறும் பனியன். புதுச் சட்டையைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனியனோடு கார் பார்க்கிங் வரை நடந்தே போனார். 

இந்த ரைஸ் 2008 இல் இரண்டாம் ரவுண்டில் வந்தவர். மேரிலாண்டில் பள்ளிப் பிள்ளைகளைக் கேலிவதை செய்வதற்கு எதிராகப் பிரசாரம் செய்தவர். டிராஃப்ட் நேரத்தில் நாங்கள் குணம் குணம் என்று அலசுகிற போதெல்லாம் அந்தப் பனியன்தான் ஞாபகம் வருகிறது.

தென்பிலி:
எரீக்கரை அண்ணே, தீர்ப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் பதிவு முழுக்கத் தீர்ப்புதானே இருக்கிறது? டெக்சாஸில் இரண்டு கிராண்ட் ஜூரிகள் வாட்சன் மேல் வழக்கு வேண்டாம் என்றன. சரி, அதை விடுங்கள்.

2023 டிராஃப்ட், சவுத் பிலடெல்பியாவில் ஒரு பார். ஜேலன் கார்ட்டர். அந்த வருடத்தின் சிறந்த வீரரே அவர்தான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். ஆனால் ஜனவரியில் அவருடைய ஜார்ஜியா பல்கலைக்கழக அணி சாம்பியன் ஆன ஊர்வலம் முடிந்த இரவில், ஏதன்ஸில் நடந்த கார் விபத்து. சக வீரர் ஒருவரும் அணி ஊழியர் ஒருவரும் இறந்தார்கள். கார்ட்டர் வேறு காரில் இருந்தார். ரேஸ் விட்டார் என்று பிடிவாரண்ட் வந்ததே இண்டியானாபோலிஸில் கம்பைன், அதாவது டிராஃப்டுக்கு முன் அணிகள் வீரர்களைச் சோதிக்கும் முகாம், நடந்துகொண்டிருந்தபோதுதான். வழக்கை எதிர்க்காமல் தண்டனையை ஏற்றுக்கொண்டார்: ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 1000 டாலர் அபராதம், 80 மணி நேரம் சமூக சேவை.

எங்கள் பிலடெல்பியா ஈகிள்ஸ் ஒரு இடம் முன்னேறி 9 ஆவது பிக்கில் அவரை எடுத்தது. பார் கூரை பிய்ந்துபோகும் சத்தம். முன்பின் தெரியாதவன் என்னைத் தூக்கிச் சுற்றினான். கீழே இறங்கிப் பார்த்தால் பக்கத்து ஸ்டூலில் ஒரு பெண் மட்டும் கை தட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஈகிள்ஸ் ரசிகை, தலையில் பச்சைத் தொப்பி. ஜார்ஜியாவில் படித்தவளாம். "அந்த ஊர்வலத்துக்கு நானும் போயிருந்தேன், அந்த ரோடு எனக்குத் தெரியும்" என்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல் "இன்னொரு பீர் சொல்லவா?" என்று கேட்டேன். "சொல்லு" என்றாள். குடித்தாள். அடுத்த பிக்குக்குக் கை தட்டினாள்.

அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று அடித்து சூப்பர் பவுல் ஜெயித்த ராத்திரி பிராட் ஸ்ட்ரீட் கூட்டத்தில் அவளைத் தேடினேன். அந்தக் கூட்டத்தில் பெற்ற அம்மாவையே கண்டுபிடிக்க முடியாது.

அரோஹெட் மருமகள்:
என் மாமியார் விசிட்டர் விசாவில் கான்சாஸ் சிட்டி வந்திருந்த குளிர்காலம். வெளியே போக வழியில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் டிவி முன்னால் அத்தையும் அவர் மகனும். விதி ஒன்றும் தெரியாது, ஆனால் டைரீக் ஹில் பந்தை வாங்கினால் மட்டும் எழுந்து நிற்பார். "எல்லாரும் நடக்கிறாங்க, இவன் ஒருத்தன்தான் ஓடுறான்" என்பார். 10 ஆம் எண் எங்கே எங்கே என்று தேடுவார்.

என் கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2016 இல் இவனை ஏன் ஐந்தாவது ரவுண்டு வரை யாரும் தொடவில்லை தெரியுமா என்று ஆரம்பித்து, கர்ப்பிணியாக இருந்த காதலியைக் கழுத்தை நெரித்த வழக்கு, ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் விலக்கியது, 2015 இல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அத்தை அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு வீட்டுலயும் இப்ப இந்த டிவி ஓடிக்கிட்டிருக்குமா?" என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் பதில் இல்லை.

அன்றைக்கே ஹில் ஒரு டச் டவுன் அடித்தார். அத்தை பாதி எழுந்தார், எழுந்தவர் காய்த் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அடுத்த ஞாயிறும் ஆட்டம் பார்த்தார். ஆனால் 10 எங்கே என்று கேட்கவில்லை, கெல்சி நல்ல உயரம் என்று பேச்சை மாற்றிக்கொண்டார்.

நாலாம்டவுன் தாத்தா:
2016 சிகாகோ. கிராண்ட் பார்க்கில் புல்தரையில் பெரிய திரை வைத்திருந்தார்கள். டிராஃப்ட் தொடங்கச் சில நிமிடம் இருக்கும்போது லாரமி டன்சிலின் ட்விட்டர் கணக்கை யாரோ ஹேக் செய்து, வாயு முகமூடி மாட்டிக் கஞ்சா புகைக்கிற அந்த வீடியோவைப் போட்டார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு ரேவன்ஸ் ரசிகர், அதை எல்லாருக்கும் காட்டிக் காட்டிச் சிரித்தார். ரேவன்ஸ் 6 ஆவது பிக்கில் ரோனி ஸ்டான்லியை எடுத்தது, டன்சில் 13 ஆம் இடம் வரை சரிந்து மயாமிக்குப் போனார்.

இதிலிருந்து இளைஞர்கள் சில விஷயங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டிராஃப்டுக்கு முன் ஏப்ரல் மாதத்தில் வரும் எந்த வதந்தியையும் பாதிதான் நம்ப வேண்டும். தனக்கு வேண்டிய பையன் தன் பிக் வரை சரிந்து வரட்டும் என்று கதை கட்டிவிடும் அணிகள் உண்டு. 1983 இல் டான் மரினோ போதைப் பொருள் எடுக்கிறார் என்று கிளப்பிவிட்டார்கள், 27 ஆம் இடம் வரை போனார். அவருக்கு முன்னால் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போயாகிவிட்டது. பிறகு அவர் எவ்வளவு பெரிய ஆள் ஆனார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, அணிகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். கம்பைனில் பையன்களை அறையில் உட்கார வைத்துத் துருவுகிறார்கள், பிறகு 30 பேர் வரை தங்கள் இடத்துக்கே வரவழைக்கிறார்கள், கல்லூரி விடுதி வரை ஆள் விட்டு விசாரிக்கிறார்கள். வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்குக் கம்பைன் அழைப்பே கிடையாது என்று 2016 இல் விதி வந்தது. ஜோ மிக்சனை அப்படித்தான் அழைக்கவில்லை. ஆனாலும் 2017 இல் பெங்கால்ஸ் 48 ஆவது பிக்கில் எடுத்தது. ஆக, தெரியாமல் எடுப்பதில்லை, தெரிந்து கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். கோபப்படுவதாக இருந்தால் அந்தக் கணக்கின் மேல் கோபப்படுங்கள்.

ஜெர்சி விஷயம். புதுப் பையன் சட்டையை முதல் வருடமே வாங்காதீர்கள். முதல் ஒப்பந்தம் நாலு வருடம், முதல் ரவுண்டு ஆள் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவது வருடம். அது முடிந்து இரண்டாவது ஒப்பந்தம் போட்டபின் வாங்குங்கள். அதற்கும் மனம் கேட்கவில்லை என்றால் ஓய்வு பெற்ற ஆளின் சட்டை வாங்குங்கள், இனிமேல் கெடுவதற்கு நேரம் குறைவு. எரீக்கரை தம்பி, அந்த அம்மாவுக்கு ஒரு ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், மனது மாறிவிடும். மருமகள் அம்மா, பெரியவர்களிடம் இதையெல்லாம் சொல்லவே கூடாது, அவர்கள் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும்?

அரோஹெட் மருமகள்:
சொன்னது நான் இல்லை தாத்தா, அவர் பெற்ற பிள்ளை. அப்புறம், தெரியாமல் சந்தோஷமாக இருந்திருக்கலாம் என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை.

சீஸ் தொப்பி:
இங்கே எல்லாரும் குற்றக் கதையாகவே சொல்கிறீர்கள். குற்றமே செய்யாமல் சரிந்தவன் கதை ஒன்று.

2025 கிரீன் பே. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரில் மூன்று நாளில் ஆறு லட்சம் பேர். முதல் நாள் பேக்கர்ஸ் மேத்யூ கோல்டனை எடுத்தபோது என் தொப்பி எங்கே போனது என்றே தெரியாது. 2002 க்குப் பிறகு முதல் ரவுண்டில் நாங்கள் எடுத்த முதல் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) என்றால் சும்மாவா.

ஆனால் நான் சொல்ல வந்தது இரண்டாம் நாள் மாலை. முன் வரிசையில் ஒரு அப்பாவும் பையனும், பையனுக்குப் பத்து வயது இருக்கும். கொலராடோ சட்டை, எண் 2, முதுகில் சாண்டர்ஸ். கொலராடோ குவார்ட்டர்பேக் ஷடோர் சாண்டர்ஸ் முதல் நாளே போவார் என்று வந்திருக்கிறார்கள், போகவில்லை. ஒவ்வொரு பெயர் வாசிக்கும்போதும் பையன் எழுந்து நிற்பான், பிறகு உட்காருவான். மூன்றாவது ரவுண்டில் கிளீவ்லேண்ட் குவார்ட்டர்பேக் என்றதும் நின்றவன் கையையும் தூக்கிவிட்டான். பெயர் டில்லன் கேப்ரியல். பின்னால் இருந்து ஒரு கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. பையனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், வளர்ந்த ஆண்கள், ஒருவனும் நிறுத்தவில்லை.

மறுநாள் ஐந்தாவது ரவுண்டு, 144 ஆவது பிக், அதே கிளீவ்லேண்ட். நடுவில் யாரோ அவருக்கு ஃபோன் போட்டு உன்னை எடுத்துவிட்டோம் என்று ஏமாற்றியதும், அந்த எண் ஃபால்கன்ஸ் பயிற்சியாளர் ஒருவரின் ஐபேடிலிருந்து மகன் எடுத்தது என்பதும், லீக் அணிக்கு 2,50,000 டாலரும் பயிற்சியாளருக்கு 1,00,000 டாலரும் அபராதம் போட்டதும் எல்லாருக்கும் தெரியும். திமிர் பிடித்தவன், நேர்காணலில் சரியாகப் பேசவில்லை, அப்பா பெரிய ஆள் என்று நூறு காரணம் சொன்னார்கள். தாத்தா, அணிகள் எல்லாம் தெரிந்துதான் எடுக்கின்றன என்றீர்களே, இதற்கு என்ன கணக்கு? ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் எடுக்காமல் இருக்கட்டும், சண்டையில்லை. சிரித்தவர்களைத்தான் நான் கேட்கிறேன். அடித்தவனையும் நெரித்தவனையும் இரண்டாவது வாய்ப்பு என்று தோளில் தூக்குகிற அதே கூட்டம்.

எரீக்கரை:
தென்பிலி தம்பி, கிராண்ட் ஜூரியைச் சொன்னவர் மீதியையும் சொல்லியிருக்கலாம். இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் சிவில் வழக்குப் போட்டார்கள், லீக் நடத்தை விதியை மீறினார் என்று விசாரித்த முன்னாள் நீதிபதியே சொன்னார், கடைசியில் 11 ஆட்டம் தடை, 50 லட்சம் டாலர் அபராதம். தாத்தா, டிக்கெட் யோசனைக்கு நன்றி. அந்தப் பெண்மணிக்கு டிக்கெட் வாங்கக் காசில்லாமல் இல்லை.

தென்பிலி:
சரி அண்ணே, ஏற்றுக்கொள்கிறேன், வாட்சனுக்காக நான் ஏன் வாதாட வேண்டும். எங்கள் கார்ட்டரே 2025 சீசன் முதல் ஆட்டத்தில் எதிரணி குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் மேல் துப்பிவிட்டு, ஆறு நொடியில் வெளியே போனவர். பாரில் நாங்கள் இன்னும் முதல் கிளாஸையே வாங்கவில்லை. 

ஊதா27:
தாத்தா, மரினோ, மிக்சன், ஜெர்சி எல்லாம் இருக்கட்டும். நான் ரேவன்ஸ்காரன், எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். சிரித்துக்கொண்டிருந்த அந்த ஆள், ஸ்டான்லி பெயரை வாசித்தபோது என்ன செய்தார்? கேள்வியே அதுதானே.

நாலாம்டவுன் தாத்தா:
அதுவா. "தப்பித்தோம்டா சாமி" என்கிற மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கினார். எனக்கும் கை கொடுத்தார். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒழுக்கமே இல்லை" என்று ஒரு பிரசங்கம் வேறு. அப்புறம் மரத்தடிக்குப் போய்த் தானும் ஒன்றைப் பற்றவைத்தார். காற்று என் பக்கம்தான் அடித்தது. சிகரெட் இல்லை.