‘அம்மோரு’ (1995) ஓடினது கிராஃபிக்ஸாலா, அந்தச் சின்னப் பொண்ணாலா?

ரீல்பெட்டி:
கோடி ராமகிருஷ்ணா இயக்கின ‘அம்மோரு’, இங்கே தமிழ்ல ‘அம்மன்’னு டப் ஆகி வந்த தெலுங்குப் படம். அது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்காக மட்டுமே ஓடின படம்ங்கிறது என் கட்சி. தயாரிப்பாளர் ஷ்யாம் பிரசாத் ரெட்டி முதல்ல வேறொரு இயக்குநரை வெச்சு எடுத்ததைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுத்தார். கிராஃபிக்ஸைக் கழிச்சா மிஞ்சுறது மாமியார் வீட்டுக் கொடுமைதான்.

வேப்பிலை:
அந்தக் கொடுமைதான் சார் படமே. புருஷன் அமெரிக்கா போயாச்சு. வடிவுக்கரசி கூட்டம் கதாநாயகி சௌந்தர்யாவைக் கொல்லப் பார்க்குது. அம்மன் சிங்கத்து மேலயா வர்றா? வீட்டு வேலை செய்யிற சிறுமியா வர்றா. அவ யாருன்னு நமக்குத் தெரியும், பக்தைக்குத் தெரியாது. தியேட்டரைக் கட்டிப்போட்டது அதுதான். தலைப்பையே பாருங்க: தெலுங்குல அம்மனுக்கு அம்மவாரு, அது பேச்சில் அம்மோரு ஆகும். நாம அம்மைன்னு சொல்ற மாதிரி அங்கேயும் நோய்க்கு அதே பேர். பயம், பாசம் ரெண்டும் ஒரே சொல்லில்.

ஆப்டிகல்:
நடுவில் வர்றேன். ‘கிராஃபிக்ஸ்’னு மொத்தமா சொல்லாதீங்க. சாமி தோன்றி மறையிறதுக்குக் கேமராவே போதும். ட்ரைபாடைப் பூட்டி, ஷட்டரை 48 ஃபிரேமில் மெல்ல மூடணும். அதே 48 ஃபிரேம் ஃபிலிமைப் பின்னாடி சுத்தி, நடிகையை நிறுத்தி, மெல்லத் திறக்கணும். ரெண்டு காட்சியும் ஒண்ணு மேல ஒண்ணு பதியும். பின்னாடி ஒரு வேப்பங்கிளை ஆடினாலும், மேகம் மறைச்சு வெளிச்சம் மாறினாலும் குட்டு உடைஞ்சிடும்.

கம்ப்யூட்டர்ல தொல்லை வேற மாதிரி. நடிகைக்குப் பின்னாடி இருக்குற திரையோட நிறத்தை அழிச்சிட்டு, அங்கே வேற காட்சியைச் சேர்ப்பாங்க. பச்சைத் திரை வெச்சா கழுத்து வேப்பிலையும் எலுமிச்சை மாலையும் ஓட்டையாகும். நீலத் திரை வெச்சா நீலக் காளி உடம்போட காணாமப் போவா. சாம்பிராணிப் புகை திரைக்கு முன்னாடியே வேண்டாம். கறுப்புத் துணி முன்னாடி தனியா எடுத்து மேலே ஏத்தணும்.

ரீல்பெட்டி:
அதைத்தானே சொல்றேன் அண்ணே! இவ்வளவு பாடுபட்டதாலதான் ஜனம் வந்துச்சு.

ஆப்டிகல்:
கணக்கைப் பாருங்க. ஃபிலிமைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற 2கே ஸ்கேன்ல (அகலத்துல சுமார் 2000 புள்ளி) ஒரு ஃபிரேம் சுமார் 12 எம்பி. 3 செகண்டுக்கு 72 ஃபிரேம், கிட்டத்தட்ட 860 எம்பி. அன்னிக்கு வீட்டுக் கம்ப்யூட்டரோட ஹார்ட் டிஸ்கே அவ்வளவுதான். அதனால கிராஃபிக்ஸ் ஷாட் எல்லாம் துண்டு துண்டாத்தான் வரும். பாக்கிப் படத்தை யார் தாங்குறது?

வேப்பிலை:
அந்தச் சிறுமி. அப்புறம் அம்மனா நடிச்ச ரம்யா கிருஷ்ணனோட கண்ணு.

ரீல்பெட்டி:
கண்ணுதான் காரணம்னா, அதே ரம்யா கிருஷ்ணன் 2000ல ‘ராஜகாளி அம்மன்’ல நடிக்கும்போதும் எதுக்கு கிராஃபிக்ஸ் போட்டாங்க?

வேப்பிலை:
போஸ்டருக்கு சார், போஸ்டருக்கு.