தனிச்சீரிசை இயக்கம்: மறக்க முடியாத அந்தக் கணத்தைப் பகிருங்கள்

முனையில் நின்றவள்:
செய்முறைத் தேர்வில் எனக்குத் தனி ஊசல், அதாவது நூலில் தொங்கி ஆடும் உலோகக் குண்டு, வந்தது. அளவீடுகளை எல்லாம் முடித்துவிட்டுத் தாளை நீட்டியபோது, புறத்தேர்வாளர் குண்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இது மறுமுனைக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அப்போது இதன் முடுக்கம் எவ்வளவு?" என்று கேட்டார். திசைவேகம் சுழி, ஆகவே முடுக்கமும் சுழி என்றேன். அவர் மறுப்பேதும் சொல்லாமல் கையை விட்டார். குண்டு மறுமுனை வரை சென்று, நின்று, திரும்பி வந்தது. "சுழியென்றால் அங்கேயே நின்றிருக்க வேண்டும், ஏன் திரும்பியது?" என்றார். தனிச்சீரிசை இயக்கத்தில் முடுக்கம் இடப்பெயர்ச்சிக்கு நேர்த்தகவிலும் அதற்கு எதிர்த்திசையிலும் இருக்கும் என்ற வரையறையை முந்தைய இரவுதான் பலமுறை எழுதிப் பார்த்திருந்தேன். இடப்பெயர்ச்சி பெருமமாக இருக்கும் முனையில்தான் முடுக்கமும் பெருமம் என்பதும், விசை சுழியாவது நடுநிலைப்புள்ளியில்தான் என்பதும் அந்த வரியிலேயே இருந்தன. இன்றும் ஊசல் எதையாவது கண்டால் என் கண் முனைக்குத்தான் போகிறது.

பத்தொன்பது அலைவு:
என்னுடையது இதைவிடச் சிறிய தவறு, ஆனால் வெட்கம் பெரிது. ஊசலின் நீளம் 1 மீட்டர். 20 அலைவுகளுக்கு (ஒரு முறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு) 38.1 விநாடி என்று குறித்தேன். ஓர் அலைவுக்கு 1.905 விநாடி வந்தது. அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 10.9 மீ/வி² என்று கிடைத்தது. விடை 9.8 ஆக வேண்டும் என்பது தெரியுமாதலால், நேரத்தை 40.1 என்று திருத்தி எழுதினேன். ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "குண்டை விடும்போது என்ன எண்ணைச் சொன்னாய்?" என்று மட்டும் கேட்டார். "ஒன்று" என்றேன். அதாவது நான் எண்ணியது 20 அல்ல, 19. பொய்யாக எழுதிய 40.1தான் சரியான அளவீடாக இருந்தது. அதை நான் அளக்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

மையநோக்கி:
முதலில் எழுதியவரின் கடைசிக் கூற்றை ஏற்க இயலாது. நடுநிலைப்புள்ளியில் விசை சுழி என்பது சுருள்வில்லில் கட்டி வழவழப்பான தளத்தில் அலையும் பொருளுக்குப் பொருந்தும். ஊசலுக்கு அப்படியே பொருந்தாது. ஊசல் குண்டு வட்டவில்லில் செல்வதால், தாழ்ந்த புள்ளியைக் கடக்கும்போது நூலின் இழுவிசை எடையைவிட அதிகமாக இருந்து, வட்டத்தின் மையத்தை நோக்கி இழுக்கும் மையநோக்கு விசையைத் தருகிறது. அங்கே சுழியாவது வில்லின் வழியே குண்டை நடுவுக்குத் திருப்பி இழுக்கும் மீள்விசை மட்டுமே. இதைச் சொல்லப்போய் வகுப்பில் ஒரு முறை திட்டு வாங்கினேன், அவ்வளவுதான் என் கதை.

இரண்டாமவருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். எண்ணிக்கையைச் சுழியில் தொடங்குவது மட்டும் போதாது. குண்டு முனையில் இருக்கும்போது அல்லாமல் நடுப்புள்ளியைக் கடக்கும்போது நிறுத்துக் கடிகாரத்தை அழுத்த வேண்டும். முனையில் குண்டு தயங்கித் தயங்கி நிற்பதால் எந்தக் கணம் என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. நடுவில் வேகம் பெருமமாதலால் கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். நூலின் நீளத்தைக் கொக்கி வரை அளக்காமல் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். வீச்சையும், அதாவது நடுவிலிருந்து முனை வரையுள்ள விலகலையும், சிறிதாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அலைவு நேரம் வீச்சைச் சார்ந்ததல்ல என்பது சிறு கோணங்களுக்கே உண்மை. 30 பாகையில் விட்டால் அலைவு நேரம் 1.7 விழுக்காடு கூடி, உங்கள் 20 அலைவுகளில் முக்கால் விநாடி அளவுக்குப் பிழை சேரும். காரணம், மீள்விசை கோணத்தின் சைனுக்கு நேர்த்தகவில் இருக்கிறதே தவிர, கோணத்துக்கு அல்ல.

முனையில் நின்றவள்:
மீள்விசை என்றே எழுதியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வாளர் கேட்டது முனையைப் பற்றி. அங்கே வேகம் இல்லாததால் மையநோக்கு விசையும் இல்லை, ஆகவே என் தவறு அப்படியே இருக்கிறது.

நிழல் பார்த்தவன்:
முனையில் குண்டு "தயங்குகிறது" என்ற சொல்லைப் படித்ததும் எழுதத் தோன்றியது. ஆசிரியர் சுழலும் தட்டின் விளிம்பில் ஒரு பந்தை ஒட்டி, பக்கவாட்டில் விளக்கை வைத்து, சுவரில் விழுந்த நிழலைக் காட்டினார். தட்டு ஒரே சீராகச் சுழல, நிழல் மட்டும் ஊசலைப் போலவே நடுவில் விரைந்து ஓரங்களில் மெதுவாகியது. நடுவிலிருந்து பாதி வீச்சைக் கடக்க எவ்வளவு நேரம் என்று அவர் கேட்டபோது, கால் அலைவின் பாதி என்று உரக்கச் சொன்னேன். அவர் தட்டைக் கையால் மெல்லத் திருப்பினார்: நிழல் பாதி வீச்சை அடைந்தபோது பந்து 30 பாகைதான் சுழன்றிருந்தது, முனைக்குச் செல்ல இன்னும் 60 பாகை இருந்தது. முதல் பாதிக்கு அலைவு நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்த பாதிக்கு ஆறில் ஒரு பங்கு.