பிஎஸ்1 டிஸ்க் பேக்கப்: ஐஎஸ்ஓவா, பின்/கியூவா, சிஎச்டியா? ஹாஷ் ஒண்டும் ஒத்துவருதில்லை

கொக்குவில்_பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். மாமா லண்டனில இருந்து வரேக்க கொண்டுவந்த பிஎஸ்1ம் (ப்ளேஸ்டேஷன் 1) 19 ஒரிஜினல் டிஸ்க்கும் எங்கட வீட்ட இருக்கு, எல்லாம் பால் (PAL) டிஸ்க், எண்டா ஐரோப்பாப் பக்கத்துக்கு வந்தது, பிஎஸ்1 டிஸ்க்குக்கு அடிப்பக்கம் கறுப்பா இருக்குமே அதுதான். போன மாசம் அலுமாரியத் துப்பரவாக்கேக்க பாத்தா ரெண்டு டிஸ்கில லேபிள் பக்கம் ஓரத்தில உரியத் தொடங்கீற்று, கண்டவுடன நெஞ்சு பக்கெண்டு போச்சு. உடன டவுனில ஒரு கடையில குடுத்து எல்லாத்தையும் கொம்பியூட்டருக்கு எடுத்துத் தரச்சொன்னன், அவை ஐஎஸ்ஓவா (டிஸ்க்கின்ட டேட்டாவ ஒரே பைலா எடுக்கிறது) தந்திச்சினம். இப்ப எமுலேட்டரில (பிஎஸ்1 கேமைக் கொம்பியூட்டரில ஓட்டுற சொஃப்ட்வெயர்) போட்டா மூண்டு கேமில மியூசிக்கே இல்லை, ரீடம்ப் எண்ட வெப்சைட்டில இருக்கிற ஹாஷோட (பைலின்ட கைரேகை மாதிரியான எண்) ஒப்பிட்டா 19ல ஒண்டுகூட ஒத்துவருதில்லை. டிஸ்க் பழுதாப் போச்சோ? இல்லாட்டி சிஎச்டி எண்ட சுருக்கின போர்மட்டுக்கு மாத்தினா சரிவருமோ? ஆராவது விளக்கமாச் சொல்லுங்கோ.

பருத்தித்துறை80:
தம்பி, முதல்ல அந்த ஐஎஸ்ஓவை மறந்திடும். டிஸ்க்கில பிழை இருக்கோ இல்லையோ, எடுத்த விதம் பிழை. பிஎஸ்1 சீடியில ஒரு செக்டர், எண்டா டிஸ்க்கில எழுதியிருக்கிற ஒரு துண்டு, 2352 பைட். சாதாரண டேட்டா செக்டரெண்டா 12 சிங்க், 4 ஹெடர், 8 சப்ஹெடர், பேந்து 2048 டேட்டா, மிச்சம் 280 பைட் பிழை பிடிக்கவும் திருத்தவும். ஐஎஸ்ஓ எடுக்கேக்க அந்த 2048ஐ மட்டும் வச்சிட்டு மிச்சத்தைக் கழிச்சுப்போடும். ஆனா பிஎஸ்1ல கேமுக்குள்ள வாற பாட்டும் வீடியோவும் கனக்க நேரம் மோட் 2 ஃபோர்ம் 2 எண்ட செக்டரிலதான் கிடக்கும், அதில டேட்டாவே 2324 பைட், 2048ஓட வெட்டினா ஒவ்வொரு செக்டரிலயும் 276 பைட் போச்சு, பேந்து எந்த சொஃப்ட்வெயராலயும் அதைத் திருப்பி எடுக்கேலாது. மற்றது சில கேமில மியூசிக் ஓடியோ சீடி மாதிரித் தனித்தனி ட்ராக்கா இருக்கும், ஐஎஸ்ஓவில அதுக்கு இடமே இல்லை. உம்மட மூண்டு கேமும் ஊமையானது இதாலதான்.

பின்/கியூவா திருப்பி எடும், பின்னில செக்டர் முழுசா இருக்கும், கியூவில ட்ராக் விவரம் இருக்கும். ரீடம்பர் எண்ட டூல் நல்லம், ஓடியோ ட்ராக் இருக்கிற டிஸ்க்குக்கு ட்ரைவின்ட ஒஃப்செட்டையும் (வாசிக்கிற இடம் கொஞ்சம் முன்னபின்ன தள்ளியிருக்கிறது) அது பாத்துக்கொள்ளும், அது கொஞ்சம் தள்ளினாலே காதுக்கு வித்தியாசம் தெரியாது, ஹாஷ் மாறீடும். ரீடம்ப்ல ட்ராக் ட்ராக்கா சைஸ், சிஆர்சி32, எம்டி5, எஸ்எச்ஏ1 எண்ட ஹாஷ் எல்லாம் கிடக்கு. வேற நாட்டில இருக்கிற ஒராள் வேற டிஸ்கில இருந்து எடுத்ததும் நீர் எடுத்ததும் ஒரே எண்ணா வந்தா, ரெண்டும் சரியெண்டதுக்கு அதவிட சாட்சி தேவையில்லை.

எடுக்க முதல் டிஸ்க்கைப் பழைய பருத்திச் சாரத்துணியால நடுவில இருந்து வெளிப்பக்கமா நேர துடையும், வட்டமாத் தேய்க்காதையும்.

இணுவில்_ரெட்ரோ:
அண்ணை சொன்னது சரி. சிஎச்டி நல்ல போர்மட்தான், ஒரு பைட்டும் இழக்காமல் சுருக்கும், ஆனா ஒரு விசயம் கனபேருக்கு விளங்குறேல்ல. சிஎச்டியாச் சுருக்கிற சிஎச்டிமேன் டூலில வெரிஃபை குடுத்து சரியெண்டு வந்தா பைல் உள்ளுக்குப் பழுதாகேல்ல எண்டுதான் அர்த்தம், நீங்கள் பிழையான பின்னைக் குடுத்துச் சுருக்கியிருந்தா அந்தப் பிழையையே அது பத்திரமா வச்சிருக்கும். அதால முதல் பின்னை ரீடம்போட ஒப்பிடுங்கோ, பேந்து சுருக்குங்கோ. சிஎச்டி பைலின்ட ஹாஷை நேர ரீடம்போட ஒப்பிடேலாது. திருப்பி விரிச்சாலும் வழமையா எல்லா ட்ராக்கும் ஒரே பின்னாத்தான் வரும், அதைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ.

உங்கட பால் டிஸ்க் எண்டதால இன்னொண்டு: சில பால் கேமில லிப்கிரிப்ட் எண்ட, கொப்பியடிக்கிறதைத் தடுக்கிற காப்பு இருக்கு, அது சப்சனலில (டேட்டாவோட கூட டிஸ்க்கில கிடக்கிற பக்கத் தகவல்) கிடக்கிறது, பின்/கியூவுக்குள்ள வராது. ஹாஷ் எல்லாம் ஒத்துவந்தும் கேம் நடுவில நிண்டா அந்த சப்சனல் தகவல் இருக்கிற எஸ்பிஐ பைலை, பின் பைலுக்குப் பக்கத்தில அதே பேரில வையுங்கோ.

கொக்குவில்_பெடியன்:
அண்ணையாக்களுக்குக் கோடி நன்றி. மூண்டு இரவு இருந்து எல்லாத்தையும் திருப்பி எடுத்தன். 18 ஒத்துவந்திட்டுது!! ஒண்டு முதல் தரம் எடுக்கேக்க கரண்ட் போய் பாதியில நிண்டது, ரெண்டாம் தரம் சரி. முதல் முதல் எண்கள் அப்பிடியே ஒத்துவந்ததைக் கண்டவுடன அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினன். ஓரம் உரிஞ்ச ரெண்டில ஒண்டு தப்பீற்று, மற்றதில மட்டும் கடைசியில ஒரு 40 செக்டர் ஒவ்வொரு தரமும் வேற வேற மாதிரி வருது. டிஸ்க்கில இருக்கிற எஸ்எல்இஎஸ் இலக்கம் (கேமின்ட அடையாள இலக்கம்) பாத்து எழுதி வச்சிருக்கிறன், கார் ரேஸ் கேம்.

பருத்தித்துறை80:
வேற ட்ரைவ் ஒண்டில, வேகத்தைக் குறைச்சு எடுத்துப் பாரும். ஒரு ட்ரைவ் வாசிக்காததை மற்றது வாசிக்கும். அந்த டிஸ்க்கை இனி எமுலேட்டருக்கெண்டு சும்மா சுத்த விடாதையும்.

நல்லூர்_வாசன்:
இலக்கத்தைப் போடுங்கோ தம்பி. தங்கச்சி பிரான்சில இருந்து அனுப்பின பெட்டிக்குள்ள கார் ரேஸ் டிஸ்க் ரெண்டு கிடக்கு, பாலும்தான். ஒண்டு அதாயிருந்தா ஞாயிற்றுக்கிழமை உங்கட ட்ரைவையும் தூக்கிக்கொண்டு வாங்கோ, ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு எடுத்துப் பாப்பம்.